எழுத்து இடம் மாறும்போது



கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் றம்புக்கனையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகின்றது. வளைந்தும் நெளிந்தும் ஏறிக் கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டிய பின்னரே அதன் நடை இலேசாகின்றது. 1867ஆம் ஆண்டில் கண்டியை எட்டிய பாதை இது. தேசிய புகையிரத நூதனசாலை 2014ஆம் ஆண்டில் கடுகண்ணாவையிலேயே அமைக்கப்பட்டது மிகவும் பொருத்தமானதே.

கடுகண்ணாவைக்கு அப்பால், பேராதனையில் பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கண்டியை நோக்கிச் செல்ல, மற்றொரு கிளை நானுஓயாவை நோக்கி மலையேறும். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை வேறொரு சிறிய பாதையும் இருந்தது. பெரும் பாதையில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 5 அடி 6 அங்குலம். சிறு பாதையிலோ 2 அடி 6 அங்குலம் மட்டுமே. ஆகவே ஒன்றின் வண்டி மற்றதன்மீது ஓட இயலாது. சிறு வண்டியில் வந்த சரக்கை இறக்கிப் பெரு வண்டியில் ஏற்றுதல் வேண்டும். அவ்வாறு இறக்கி ஏற்றும் வேளையில் பெட்டி உடையலாம், சீட்டு மாறலாம், சரக்குக் குறையலாம். பாதையின் நடுவே நேராத சேதம், பாதை மாறும் இடத்தில் நேரும்.

அந்தச் சிறு பாதை இன்று இல்லை. ஆனால் அதே வகையான சேதம் இன்று கண்ணுக்குப் புலனாகாத வேறொரு பாதையில் நேர்ந்துகொண்டிருக்கின்றது. அங்கே சரக்கு, தமிழ் எழுத்து. பழைய இணையத்தளத்திலிருந்து புதிய இணையத்தளத்திற்கும், பழைய கணினியின் பதிவேட்டிலிருந்து புதிய தரவுத்தளத்திற்கும் எழுத்துகள் மாற்றப்படும்போது அவை சிதைவது ஏன்? அச்சிதைவைத் தடுக்கும் வழி யாது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று வகுத்துவைத்த அட்டவணையைக் குறியேற்றம் என்பர். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ‘அஸ்கி’ என்னும் அட்டவணையில் 128 இடங்கள் மட்டுமே இருந்தன. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக் குறிகள் ஆகியவற்றிற்கு அவை போதும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையுடைய தமிழுக்கு அங்கே இடமில்லை.

இடமில்லாத வீட்டில் குடியேறுவதற்குத் தமிழர் ஓர் உபாயம் கண்டனர். ஆங்கில எழுத்திற்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்தனர். இலங்கையிற் பெரிதும் வழங்கிய ‘பாமினி’ என்னும் எழுத்துரு இவ்வகையினது. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினியில் அமைத்தால், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே பதிவாகும். ‘கடுகண்ணாவை’ என்ற ஊர்ப்பெயர் எஃப், எல், எஃப், இசட், அரைப்புள்ளி, இசட், எச், ஐ, டி என்று பதிவாகும். பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தெரியும். வேடம் பூண்ட நடிகனைப் போன்றது அந்த எழுத்து. அரங்கு மாறினால் வேடம் கலைந்துவிடும்.

இந்நிலையை மாற்றுவதற்கு வந்ததே ‘யூனிக்கோட்’ எனப்படும் ஒருங்குறி. உலக மொழிகள் யாவற்றின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்குவது அதன் நோக்கம். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. சிங்கள எழுத்துகள் 1999ஆம் ஆண்டிற் சேர்ந்தன. இலங்கையின் தர நிர்ணயம் 2008ஆம் ஆண்டில் 1326 என்னும் இலக்கத்துடன் தமிழுக்கும் வகுக்கப்பட்டது. இனித் தமிழ் வேடம் பூண வேண்டியதில்லை. தன் பெயரிலேயே தனக்கென ஓர் இடத்தில் இருக்கலாம்.

ஆயினும், புது வீடு கட்டிவிட்டால் மட்டும் போதுமா? பழைய வீட்டுப் பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தல் வேண்டுமன்றோ? பல ஆண்டுகளாகப் பாமினியிலும் பிற எழுத்துருக்களிலும் எழுதப்பட்ட அறிவித்தல்கள், மாணவர் பதிவுகள், பாடக் குறிப்புகள், செய்திகள் யாவும் ஒருங்குறிக்கு மாற்றப்படல் வேண்டும். அவ்வேலையைச் செய்வதற்கு மாற்றி எனப்படும் நிரல்கள் உள்ளன. அவை எங்கே தவறுகின்றன என்பதைக் கடுகண்ணாவையிலுள்ள ஒரு பாடசாலையின் இணையத்தளத்தைக் கற்பனையாகக் கொண்டு பார்க்கலாம்.

முதலாவது இடர், வரிசை பற்றியது. ‘கடுகண்ணாவை’ என்பதன் ஈற்றெழுத்தாகிய ‘வை’யைப் பாமினியில் அடிப்பவர், கண்ணிற்குத் தெரியும் ஒழுங்கில் ஐகாரக் குறியை முதலிலும் வகரத்தைப் பின்னரும் அடிப்பார். ஒருங்குறியோ ஒலியின் ஒழுங்கைப் பின்பற்றுவது. அங்கே வகரம் முதலிலும் ஐகாரக் குறி அதன் பின்னரும் நிற்றல் வேண்டும். மாற்றி இவ்விரண்டையும் இடம் மாற்ற மறந்தால், ஐகாரக் குறி முன்னே நிற்கும் ‘ணா’வின் காலைப் பிடித்துக்கொண்டு தொங்கும், வகரம் துணையின்றி நிற்கும். எகர, ஏகார, ஒகர, ஓகார உயிர்மெய்களுக்கும் இதே கதியே.

இரண்டாவது இடர், நிறுத்தக் குறிகள் பற்றியது. பாமினியில் ‘இ’ என்னும் எழுத்து ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் அமர்ந்துள்ளது. பெயர்ப் பட்டியல்களை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றிற்கு அனுப்பும்போது, ஒரு நிரலுக்கும் அடுத்த நிரலுக்கும் இடையே காற்புள்ளி இடுவது பொதுவான வழக்கம். இந்திராணி, இராமநாதன் என்று இகரத்தில் தொடங்கும் பெயர்களைப் புதிய கணினி எவ்வாறு கொள்ளும்? முதலெழுத்தை நிரலின் எல்லை என்று கருதி விழுங்கிவிடும். தலையிழந்த பெயர் அடுத்த நிரலுக்குத் தள்ளப்படும். பிறந்த திகதியின் இடத்தில் தந்தையின் பெயர் வந்து நிற்கும்.

‘ஈ’ என்னும் எழுத்தின் நிலை இதனினும் பரிதாபமானது. பாமினியில் அது, இடப்புறம் கூர்மையுள்ள கோணக் குறியின் இடத்தில் உள்ளது. இணையப் பக்கங்களை அமைக்கும் மொழியில் அக்குறிக்குத் தனிப் பொருள் உண்டு. ‘இனி வருவது வாசகருக்கு உரியதன்று, கணினிக்கு இடும் கட்டளை’ என்பதே அப்பொருள். எதிர்க் கோணக் குறி வரும்வரை உள்ள யாவும் மறைக்கப்படும். அந்த எதிர்க் குறியின் இடத்திலோ பாமினி தன் காற்புள்ளியை வைத்திருக்கின்றது. ஆகவே ‘ஈகைத் திருநாளை முன்னிட்டுப் பாடசாலைக்கு விடுமுறை’ என்ற அறிவித்தலைக் காவலின்றி அப்படியே புதிய பக்கத்தில் இட்டால், ஈகைத் திருநாளும் மறையும், விடுமுறையும் மறையும். அடுத்த காற்புள்ளி வரும்வரை உள்ள சொற்கள் அனைத்தும் மறையும். பிழை என்று காட்ட அங்கே எதுவும் எஞ்சியிராது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற ஆங்கில வேற்றுமையும் இங்கே வினையாகின்றது. பாமினியில் பெரிய எல் ‘டு’. சிறிய எல் ‘ட’. எல்லா எழுத்தையும் சிறியதாக்கும் வழக்கமுள்ள ஒரு நிரலின் ஊடாகச் சென்றால், கடுகண்ணாவை ‘கடகண்ணாவை’ ஆகிவிடும்.

மூன்றாவது இடர், ஒத்த உருவங்கள் பற்றியது. ‘கௌரவம்’ என்ற சொல்லில் ஔகாரத்தின் பிற்பகுதியும், ‘வெளிநாடு’ என்ற சொல்லிலுள்ள ளகரமும் பார்வைக்கு ஒன்றே. பாமினியில் இரண்டிற்கும் எண்ணும் ஒன்றே. ஆகவே எகரக் கொம்பு, ஒரு மெய், பின்னர் ளகர வடிவம் என்ற வரிசையைக் கண்டவுடன் ஔகாரம் என்று முடிவு செய்யும் மாற்றி, ‘வெளிநாடு’ என்பதன் முதலிரு எழுத்துகளை ஔகார வகரமாக்கி, அதன் பின்னே ஓர் இகரக் குறியை அநாதையாக விட்டுவிடும். ‘வெளியீடு’, ‘வெள்ளம்’ முதலிய சொற்களுக்கும் இதே கேடு நேரும். இவ்வாறே, ‘அவர்கள்’ என்பதிலுள்ள ரகர ஒற்றைக் காலும் புள்ளியுமாக அடிக்கும் பழக்கம் தட்டச்சுக் காலத்திலிருந்து வந்தது. அதையும் மாற்றி அப்படியே காலும் புள்ளியுமாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

இவ்விடரின் கொடுமை யாதெனில், கண் இதனைக் காண்பதில்லை. திரையில் சொல் ஏறத்தாழச் சரியாகவே தோன்றும். ஆனால் ஒருவர் ‘வெளிநாடு’ என்று சரியாக எழுதித் தேடினால், அந்தப் பக்கம் அகப்படாது. ஏனெனில் கணினி உருவத்தை ஒப்பிடுவதில்லை, எண்ணையே ஒப்பிடுகின்றது. நூலகத்தில் நூல் இருந்தும் பெயர்ப் பட்டியலில் அது இல்லாமற் போவதை ஒத்தது இது.

இத்தகைய இடர் தமிழுக்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சிற்குத் தமிழ் மாறிய காலத்திலும் இதுவே நேர்ந்தது. மெய்யெழுத்திற்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருந்தன. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. அவ்வேறுபாட்டை இரட்டைக் கொம்பினால் தெளிவுபடுத்தியவர் வீரமாமுனிவர் என்பர். ஆறுமுக நாவலரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும், உ. வே. சாமிநாதையரும் ஏடுகளைப் பதிப்பித்தபோது, இவ்வடிவம் காலா ரகரமா என்று ஒவ்வோரிடத்திலும் ஆராய்ந்தே துணிந்தனர். எழுத்தைப் பார்த்து அன்று, பொருளை அறிந்தே எழுத்தை முடிவு செய்தனர். மாற்றி என்னும் நிரலிடம் இல்லாதது அந்தப் பொருளறிவே.

இனி, இரு முனைகளிலும் ஒருங்குறியே வழங்கினாலும் இடர் தீர்ந்துவிடுமா எனின், தீராது. ஒருங்குறி எண்களைக் கணினியிற் சேமிக்கும் முறை பற்றி நான்காவது இடர் எழுகின்றது. 1992ஆம் ஆண்டில் கென் தொம்சன், ரொப் பைக் ஆகிய இருவர் வகுத்த ‘யூடிஎஃப் எட்டு’ என்னும் முறையே இன்று இணையத்திற் பெருவழக்காக உள்ளது. அம்முறையில் ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைற்று போதும். தமிழ்க் குறி ஒன்றிற்கு மூன்று பைற்றுகள் வேண்டும். கடுகண்ணாவை என்னும் பெயரில் உள்ள எழுத்துகள் ஆறு, ஒருங்குறியில் குறிகள் பத்து, பைற்றுகள் முப்பது. அதே பெயருக்கு ஆங்கிலத்தில் பதினொரு பைற்றுகளே தேவை. ஆங்கிலத்தை மனத்திற் கொண்டு, ஊர்ப்பெயருக்கு 20 பைற்றுகள் போதும் என்று ஒருவர் கட்டம் வகுத்திருப்பாராயின், ‘கடுகண்’ என்பதுடன் பெயர் முறிந்துவிடும். எஞ்சிய இரண்டு பைற்றுகள் ஓர் எழுத்தின் உடைந்த துண்டாக நிற்க, கணினி அவ்விடத்தில் கருஞ்சாய்சதுரத்தினுள் ஒரு வினாக்குறியை வரைந்து காட்டும்.

சில வேளைகளில் பைற்றுகள் யாவும் பத்திரமாக வந்து சேரும். ஆனால் புதிய முறைமை அவற்றை மேற்கு ஐரோப்பிய மொழிகளின் அட்டவணையைக் கொண்டு படித்துவிடும். அப்போது தலையிற் சாய்கோடு தாங்கிய ஏ எழுத்தும், வட்டத்தினுள் ஆர் எழுத்தும் திரை முழுவதும் மாறி மாறித் தோன்றும். காண்பதற்கு அச்சமூட்டினும், இந்நோய் பெரும்பாலும் தீர்க்கக்கூடியதே. எண்கள் அழியவில்லை, படித்த அட்டவணை மட்டுமே தவறானது. சரியான அட்டவணையைக் கொடுத்தால் தமிழ் மீளும். ஆனால் இங்கும் ஒரு கண்ணி உண்டு. விண்டோஸ் கணினிகளில் வழங்கிய அந்த ஐரோப்பிய அட்டவணையில் ஒருசில இடங்கள் வெறுமையானவை. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைற்றும், ‘ஏ’, ‘ஐ’ ஆகிய உயிர்களின் மூன்றாவது பைற்றும் அவ்வெறுமையான இடங்களிலேயே விழுகின்றன. சில நிரல்கள் அவற்றை எறிந்துவிடும். பின்னர் எவ்வளவு முயன்று மீட்டாலும் புள்ளிகளை இழந்த தமிழே கிடைக்கும். சுவடிக் காலத்திற்கே எழுத்துத் திரும்பியதாகிவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது வினாக்குறி. தமிழுக்கு இடமே இல்லாத ஓர் அட்டவணைக்குள் தமிழைப் புகுத்தும்போது, சில முறைமைகள் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் பதிலாக ஒரு வினாக்குறியை எழுதிவிடுகின்றன. ‘கடுகண்ணாவை’ பத்து வினாக்குறிகளாகும்; பத்துக் குறிகளையுடைய எந்தச் சொல்லும் அவ்வாறே ஆகும். அவற்றிலிருந்து எச்சொல்லையும் மீட்க ஒருவராலும் இயலாது. குப்பையாகத் தெரிவது நோயாளி. வினாக்குறியாகத் தெரிவதோ பிணம். மூலப்பிரதி வேறெங்கும் இல்லையெனின் அந்த எழுத்து இறந்தது இறந்ததே.

சிங்களத்திற்கும் இவ்வின்னல் உண்டு. கண்டியிலுள்ள ஸ்ரீ தலதா மாளிகையின் பெயரைச் சிங்கள ஒருங்குறியில் எழுதும்போது, ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை இணைத்து நிறுத்துவதற்குக் கண்ணுக்குத் தெரியாத, அகலமில்லாத ஓர் இணைப்புக் குறி வேண்டும். இடம் மாற்றும் நிரல், ‘தெரியாத குறி தேவையற்ற குறி’ என்று கருதி அதனைக் களைந்தால், கூட்டெழுத்துப் பிரிந்துவிடும். தமிழிலும் ‘ஸ்ரீ’யை இருவகைக் குறிகளால் எழுதலாம், 2005ஆம் ஆண்டில் ஒருங்குறியிற் சேர்ந்த வேறொரு சகரத்தைக் கொண்டும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு.

இவையெல்லாம் கணினி வல்லுநரின் கவலை, பொதுமக்களுக்கு இதில் என்ன என்று கேட்கத் தோன்றலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. அந்த உரிமை மக்களை வந்தடைவது படிவத்திலும் பதிவேட்டிலும் அறிவித்தலிலும் உள்ள எழுத்தின் வழியாகவே. ஒரு பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறுவிதமாகவும் இருந்தால் நேரும் அலைச்சலை மலையகத்து மக்கள் பரம்பரை பரம்பரையாக அறிவர். முன்னர் அப்பிழையைச் செய்தவர் செவிவழி கேட்டு எழுதிய எழுதுநர். இன்று அதே பிழையை ஒரு நிரல், ஒரே இரவில், ஆயிரம் பெயர்களில் ஒருங்கே செய்துவிட முடியும். இடமாற்றத்தைச் செய்யும் தொழில்நுட்பவியலாளருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம்; தமிழ் தெரிந்த அலுவலரோ, ‘அது கணினி வேலை’ என்று ஒதுங்கியிருக்கலாம். இவ்விருவருக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் எழுத்துத் தவறி விழுகின்றது.

செவ்வையாகச் செய்தோரும் உளர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், உலகின் பல பாகங்களிலும் வாழும் தமிழர் ஊதியம் கருதாது உழைத்துப் பழந்தமிழ் நூல்களை மின்னுருவாக்கும் முயற்சியாகும். சுவிற்சலாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அதற்கு முன்னின்றார். அதன் நூல்கள் தொடக்கத்தில் ‘திஸ்கி’ என்னும் தமிழ்க் குறியேற்றத்தில் வெளியாயின. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. மாறும் வேளையில் பழைய வடிவத்தை உடனே அழித்துவிடாது, இரு வடிவங்களையும் ஒருங்கே வைத்திருந்தனர். தட்டச்சுச் செய்வோர் ஒருவரும் மெய்ப்புப் பார்ப்போர் வேறொருவருமாகப் பணியாற்றினர். நூறாண்டுக்கு முன் ஏடு ஒப்புநோக்கிய பதிப்பாசிரியரின் நெறியே அங்கும் விளங்கியது.

அந்நெறியை எந்தப் பாடசாலையும், எந்த அலுவலகமும் பின்பற்றலாம். பழைய தளம் எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பதை முதலில் அறிந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். மூலத்தின் படி ஒன்றைக் கைபடாது பேணல் வேண்டும். முழுவதையும் மாற்றுமுன், இடர் தரும் சொற்களைக் கொண்ட ஒரு சிறு பக்கத்தை அனுப்பிப் பார்த்தல் நன்று. வெளிநாடு, வெள்ளம், கௌரவம், ஔவையார், அவர்கள், இலங்கை, ஈகை, கோயில், கொக்கு, ஸ்ரீ, கடுகண்ணாவை ஆகிய பதினொரு சொற்களும் ஊறின்றி மறுகரை சேர்ந்தால், பெரும்பாலான இடர்கள் நீங்கின எனலாம். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் வினாக்குறிகளை எண்ணிப் பார்த்தால், புதிதாய் முளைத்தவை தாமே வெளிப்படும். இறுதியாக, தமிழறிந்த ஒருவர் புதிய பக்கங்களை வாசித்தல் வேண்டும். பெயர்களை அப்பெயருக்கு உரியவரே பார்த்து ஒப்புதல் வேண்டும். இவையாவும் முடிந்த பின்னரே பழைய தளத்தை மூடலாம்.

நானுஓயாவில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்றும்போது, இறக்கும் பெட்டிகளையும் ஏற்றும் பெட்டிகளையும் யாரேனும் ஒருவர் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். எண்ணாது ஏற்றிய சரக்கின் குறை, வண்டி கடுகண்ணாவையைக் கடந்து சமவெளியை அடைந்த பின்னரே தெரியவரும். அப்போது எவர் பொறுப்பு? எழுத்தின் பயணத்திலும் எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டும். அவர் பொறியியலாளராக இருக்க வேண்டுவதில்லை. தமிழைப் படிக்கத் தெரிந்தவராகவும், ஒரு புள்ளி குறைந்தாலும் பொறுக்காதவராகவும் இருந்தால் போதும். அத்தகையவர் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒவ்வோர் அலுவலகத்திலும் உளர். அவரை அழைத்து அருகில் அமர்த்திக்கொள்வதே செய்ய வேண்டியது.